உப்பளத்துக்கு மேலே குளிரும் வானம்

மரக்காணம் உப்புப் பாத்திகளில் கோடைப் பகலில் கண் கூசும். வெயில் இருந்தால் உப்பு விளையும். தப்பி ஒரு மழை பெய்தால் விளைந்தது கரையும். 2020-இல் நிவர் புயல் கரையேறியதும் இந்தப் பக்கம்தான். அதனால் இங்கே கரியமில வாயு என்றாலே பேச்சு வெப்பத்தைச் சுற்றியே போகிறது. அதே வாயு நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்றைக் குளிர்விக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. அந்த உயரம், இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகும் தூரம்கூட இல்லை.

தரையருகே ஒரு மூலக்கூறு உமிழும் அகச்சிவப்புக் கதிரை அடுத்தது விழுங்கிவிடும், வெப்பம் தங்கிவிடும். உயரே காற்று மிக மெலிது. அங்கே ஆக்சிஜன் அணு மோதியதும் கரியமில வாயு மூலக்கூறு அதிர்ந்து, 15 மைக்ரான் அலைநீளத்தில் கதிரை உமிழ்கிறது. அதில் கணிசமான பகுதி விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. கரியமில வாயுவும் மீத்தேனும் இரட்டித்தால் வளிமண்டலத்தின் உச்சி அடுக்கு சுமார் 50 டிகிரி குளிரும் என்று 1989-இல் விஞ்ஞானிகள் ரோபிளும் டிக்கின்சனும் கணக்கிட்டார்கள்.

சிக்கல் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. எழுபது, எண்பது கிலோமீட்டருக்கு மேலே வெப்பநிலை தெரிந்தால் மட்டும் உமிழ்வு தெரிந்துவிடாது. மோதல் எத்தனை வேகத்தில் ஆற்றலைக் கைமாற்றுகிறது என்றும் தெரிய வேண்டும். ஆய்வகத்தில் அளந்த வேகமும், வளிமண்டல அளவீடுகளிலிருந்து கணித்த வேகமும் மூன்று, நான்கு மடங்கு வேறுபடுகின்றன. இது சில்லறைப் பிழை அல்ல.

குளிர்ந்த காற்று சுருங்கும். செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தில் இழுவை குறையும். விண்குப்பை விழாமல் நீடிக்கும். 2019 மார்ச்சில் இந்தியா தன் செயற்கைக்கோளை ஏவுகணையால் தகர்த்தபோது சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தைத் தேர்ந்தது, துண்டுகள் விரைவில் விழும் என்ற கணக்கில்தான். அந்த இழுவையை நம்பியே எதிர்காலத்தையும் திட்டமிடுகிறோம். கடல் காற்றை அளக்கும் ஓஷன்சாட்-3 செயற்கைக்கோளும் குப்பை மிகுந்த தாழ் சுற்றுப்பாதையில்தான் போகிறது.

உயரக் காற்றை அளப்பதில் நாம் வெறுங்கையோடு இல்லை. திருப்பதி அருகே காதங்கியில் 1998 முதல் லேசர் கதிரால் எண்பது கிலோமீட்டர் வரை வெப்பநிலை அளக்கிறார்கள். திருநெல்வேலி ஆய்வகம் தொண்ணூறுகளிலிருந்து உயர்காற்றை அளந்துவருகிறது. ஆனால் உமிழ்வையே நேரில் பார்க்கும் அமெரிக்காவின் சேபர் கருவி, இரண்டாண்டுப் பணிக்கென 2001-இல் ஏவப்பட்டது; அதைத்தான் இருபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் நம்பியிருந்தது.

ஸ்ரீஹரிகோட்டாவும் இதே கடற்கரையில்தான் இருக்கிறது. அங்கிருந்து அப்படியொரு கருவியை இஸ்ரோ ஏவ வேண்டும். அதற்கும் முன்பாக, அந்த மோதல் வேகத்தை அளக்க ஓர் இந்திய ஆய்வகத்துக்கு மத்திய அரசு பணம் ஒதுக்க வேண்டும்.