நெய்க் கசண்டை வீணாக்கலாமா?

சென்ற மாதம் ஒரு சொந்த வேலையாகச் சென்னை சென்று, சிந்தாதிரிப்பேட்டையில் தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். தங்கை மகன் ஒரு பெரிய ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போய் நாக்கு மீன் வாங்கி வந்தான். மீனை வறுத்துத் தட்டில் வைத்தான். பிறகு, நான் ஊரிலிருந்து கொண்டு போயிருந்த எருமை வெண்ணெயில் ஓர் உருண்டையை எடுத்து வாணலியில் போட்டான். அது உருகி, நுரைத்து, சடசடப்பு அடங்கி, அடியில் படிந்த மண்டி செம்பழுப்பு நிறத்துக்கு வந்தது. உடனே அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, வடிகட்டாமல் அப்படியே மீன் மேல் ஊற்றினான்.

"மாமா, இதுக்கு எங்க ஓட்டல்ல பிரவுன் பட்டர்னு பேரு. ஒரு கரண்டி ஊத்தினா தட்டுக்கு விலையே வேற" என்றான்.

பிரெஞ்சுக்காரர்கள் இதை 'பேர் நுவாசெட்' என்கிறார்களாம். அவர்கள் நாட்டில் விளையும் ஒரு கொட்டையின் நிறமும் மணமும் இதற்கு வந்துவிடுவதால் அந்தப் பெயர். தங்கை சிரித்துவிட்டாள். "நம்ம அம்மா நெய்ச் சட்டியில சோத்தைப் போட்டுப் பிசைஞ்சு கொடுப்பாங்களே அண்ணே, அதுதானே இது!"

அவள் சொன்னதில் தவறில்லை. வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பு, ஏறக்குறைய 16 பங்கு தண்ணீர். மீதியுள்ள சிறு பங்குதான் பாலின் புரதமும் பால் சர்க்கரையும். தண்ணீர் சுண்டியபின் இந்தச் சிறு பங்கு சூட்டில் சிவந்துதான் நெய்க்கு மணம் கொடுக்கிறது. வெறும் கொழுப்பு எவ்வளவு காய்ந்தாலும் இப்படிச் சிவக்காது, இந்த மணமும் தராது. ஆக, கசண்டு என்று நாம் வழித்து எறிவதுதான் நெய்க்கு மணம் கொடுத்த பொருள். வடித்த பிறகும் அதில் கணிசமான நெய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டல்காரன் அதை விலைக்கு விற்கிறான். நாம் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறோம்.

ஓரிரு எருமை வைத்திருப்பவர்கள் முன்பெல்லாம் வெண்ணெயாகவே விற்றார்கள். ஊத்துக்குளி வெண்ணெய் பெயர் பெற்றது அப்படித்தான். பட்டணத்தார் கடை நெய்யை நம்பாமல் வெண்ணெய் வாங்கித் தாங்களே உருக்கிக்கொள்வதும் இன்னும் இருக்கிறது. உருக்கும் வேலை அவர்களுக்கு. அதனால் வரும் கூடுதல் விலை நமக்கு இல்லை.

உடனே எல்லோரும் நெய் உருக்கக் கிளம்பிவிடக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 7 சதம் கொழுப்புள்ள எருமைப்பால் சுமார் 16 லிட்டர் இருந்தால்தான் வீட்டு முறையில் தயிர் கடைந்து ஒரு கிலோ நெய் எடுக்கலாம். பசும்பால் என்றால் 28 லிட்டர் வரை போகும். 2023 டிசம்பரில் எருமைப்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 47 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் 16 லிட்டர் பாலின் விலையே 752 ரூபாய். விறகும் கைவேலையும் தனி. மிஞ்சுவது மோர். கடையில் கிடைக்கும் சாதாரண நெய்யின் விலைக்கு நம் நெய்யையும் கொடுத்தால் நஷ்டம்தான். சொசைட்டிக்குப் பால் ஊற்றி ஒழுங்காகப் பணம் வாங்குகிறவர்கள் அதை விட வேண்டாம். மிஞ்சும் பாலை மட்டும் நெய்யாக்கி, முறுகல் மணத்துக்கென்று தனி விலை கேட்டால்தான் கட்டுப்படியாகும் என்பது என் கருத்து.

ஆனால் வியாபாரி அப்படி விலை தருவதில்லை. எங்கள் வீட்டு நெய்யைப் பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர் "சிவந்திருக்கிறது, தீய்ந்த நெய்" என்று சொல்லிக் கிலோவுக்கு 50 ரூபாய் குறைத்தார். முறுகலுக்கும் தீய்ச்சலுக்கும் வித்தியாசம் தெரியாத பேச்சு. வடக்கே இளம் பதத்தில் 110 டிகிரி சென்டிகிரேடு அளவில் இறக்குவார்கள். தெற்கே 120 டிகிரி வரை விட்டு முறுக இறக்குவதுதான் நம் வழக்கம்.

பதம் பிடிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் இருக்கும்வரை சட்டி சத்தமிடும். அதுவரை சூடு அதிகம் ஏறாது, பயமில்லை. சத்தம் அடங்கி, இரண்டாவது தடவையாகப் பொடி நுரை எழும்பும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது. அதன்பின் சூடு மளமளவென்று ஏறும். அடி மண்டி வறுத்த வேர்க்கடலை நிறம் வந்ததும் இறக்கி, உடனே வேறு பாத்திரத்தில் வடித்துவிட வேண்டும். இறக்கிய பிறகும் சட்டியின் சூடே மேலும் வேகவைக்கும். மண்டி கறுத்தால் கசக்கும், அதற்கு மருந்து கிடையாது. முருங்கை இலை போடுவது வழக்கம்; அது மொறுமொறுப்பாவதும் ஒரு அடையாளம். பத்துப் பதினைந்து நாள் சேர்த்துப் புளித்த வெண்ணெயில் எவ்வளவு பக்குவமாக உருக்கினாலும் நல்ல மணம் வராது. நாலைந்து நாளுக்கு ஒருமுறை உருக்குவது நல்லது.

கசண்டை நெய்யோடு கலந்து விற்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. நெய் என்று விற்பதில் 99.5 சதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். நெய்யை வடித்து ஒரு பாட்டிலிலும், கசண்டைத் தனியாகச் சிறு டப்பாவிலும் கொடுக்கலாம். மணம் எங்கிருந்து வந்தது என்பதை வாங்குகிறவர் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார். கசண்டு நெய்யைப் போல மாதக்கணக்கில் தாங்காது. சில நாட்களில் சாப்பிட்டுவிட வேண்டும் என்று சொல்லியே கொடுக்க வேண்டும். சூடான சோறு, கேழ்வரகு அடை, வெல்லம் எதனோடும் சேரும். தொடர்ந்து விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பெயரைப் பதிவு செய்துகொள்வது அவசியம்.

அடுத்த முறை வெண்ணெய் வேண்டாம், நெய்யாகவே உருக்கி, கசண்டைத் தனி டப்பாவில் போட்டுக் கொண்டு வரும்படி தங்கை சொல்லியிருக்கிறாள். அவள் பக்கத்து வீட்டுக்காரரும் அரைக் கிலோ கேட்டிருக்கிறார். என்ன விலை என்று அவர் இன்னும் கேட்கவில்லை. கடை விலையைவிடக் கிலோவுக்கு 200 ரூபாய் கூடுதலாகச் சொல்வதாக இருக்கிறேன்.