பதிவேடு யார் கையிலோ, மாடும் அவர் கையில்!

உழைக்கும் தோழர்களே! நாம் ஊருக்கு அனுப்பும் பணத்தில் கறவை மாடு வாங்கிய குடும்பங்கள் எத்தனை! அந்த மாட்டுக்கு எந்தக் காளையின் சினை ஊசி போடுவது என்று முடிவு செய்பவர் யார்? மாடு வளர்ப்பவரா? இல்லவே இல்லை!

1822-இல் இங்கிலாந்தில் ஷார்ட்ஹார்ன் மாடுகளின் வம்சாவளிப் பதிவேடு அச்சேறியது. பின்னர் எழுந்த இனச் சங்கங்கள் கொம்பையும் நிறத்தையும் பார்த்துப் பரிசு கொடுத்தன. பண்ணையார்களின் மன்றங்களாகவே நெடுங்காலம் இருந்தன. இன்றோ சங்கத்தின் வேலை மாறிவிட்டது. பாலை அளந்து எழுதுவது, பெண் கன்றுகள் வளர்ந்து கறக்கும் பாலை வைத்துக் காளையைத் தேர்வது, இனத்தை அழியாமல் காப்பது என்று அது விரிந்துவிட்டது.

குஜராத்தின் கிர் மாட்டையும் ஆந்திரத்தின் ஓங்கோல் மாட்டையும் பிரேசில் நாட்டார் கப்பலேற்றிச் சென்றனர். அங்கே ஓங்கோலுக்கு நம் நெல்லூரை வைத்து ‘நெலோர்’ என்று பெயர். வளர்ப்போர் கூடிப் பதிவேடு வைத்தனர். 1967-இல் அவர்கள் சங்கம் நாடு தழுவியதாயிற்று. இன்று அந்நாட்டு இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி நெலோர்! சங்கம் நடத்தியோர் பெரும் பண்ணையார்கள்தாம். நாம் கற்க வேண்டியது அவர்கள் பகட்டை அல்ல, கணக்கை, கட்டுப்பாட்டை! தலைமுறை தலைமுறையாகக் கிர் இனத்தைக் காத்த மால்தாரி மேய்ப்பருக்கு அதில் கிடைத்த பங்கு என்ன?

இந்தியாவில் இனங்களைப் பதிவு செய்யும் தேசியப் பணியகம் 1984-இல் அமைந்தது, கர்னாலில் இயங்குகிறது. நல்லதே. ஆனால் ஏட்டில் இனம் ஏறினால் தொழுவத்தில் மாடு பெருகிவிடுமா? 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் அயல் இன, கலப்பின மாடுகள் 5 கோடியைத் தாண்டின. நாட்டு மாடுகளோ 2012-ஐவிட 6 சதவீதம் குறைந்தன.

கலப்பின மாடு கூடுதலாகக் கறக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வெயில் தாங்காமல் அது சுருண்டால், தீவன விலை ஏறினால், நட்டம் யாருக்கு? ஏழைக்கே! அதற்காக, நாட்டு மாட்டுக்கு மாலை போட்டுப் படம் எடுத்தால் ஒரு படி பால் கூடுமா? பூசையால் இனம் வளராது, கணக்கால் வளரும்.

ஆகவே கேட்போம்: ஊர்தோறும் வளர்ப்போர் சங்கம் வேண்டும். பால் கறக்கும் பெண்கள் அதில் முழு உறுப்பினராக வேண்டும். கறவைக் கணக்கு சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். காளைத் தேர்வில் வாக்கு, விந்து விற்பனையில் பங்கு வேண்டும். சாணி அள்ளும் கைக்கே பேனாவும் சொந்தமாகட்டும்!