சோலார் வேலியில் ஷாக் இல்லையா? பெட்டியைக் கழற்றும் முன் எர்த்தைப் பார்க்கவும்

கேள்வி: "தெப்பக்காடு – மசினகுடி சாலைப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் காய்கறி போட்டிருக்கிறேன். யானைக்காகப் போட்ட சோலார் வேலி போன ஐப்பசியில் ஒருமுறை நின்றது. பேட்டரி மாற்றியதும் சரியாகிவிட்டது. இந்த மாசியிலிருந்து மறுபடியும் ஷாக் இல்லை. பேட்டரியை மாற்றிவிட்டேன். பெட்டியைக் கூடலூருக்கு எடுத்துப்போய் இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. 'டிக் டிக்' சத்தம் வருகிறது, லைட்டும் எரிகிறது. நடுவில் ஒருநாள் மழை பெய்தபோது மட்டும் நன்றாக அடித்தது. இன்னும் பெரிய பெட்டியாக வாங்கலாமா? பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டு லைனிலிருந்தே வேலிக்குக் கம்பி இழுத்துவிடச் சொல்கிறார். செய்யலாமா?"

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வீட்டு லைனை வேலியில் ஒருபோதும் கொடுக்கக் கூடாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, சட்டவிரோதமாக மின்சாரம் கொடுத்த வேலியில் சிக்கி ஒரே இரவில் மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் உயிரோடு அங்கேயே நின்றன. நில உரிமையாளர் கைதானார். இத்தகைய வேலியில் சிக்கி, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன விவசாயிகளும் இறந்திருக்கிறார்கள். சோலார் பெட்டி பல ஆயிரம் வோல்ட் கொடுத்தாலும், ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பு, அதுவும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான். அதனால்தான் அது விரட்டுகிறது, கொல்வதில்லை. லைன் மின்சாரம் விடாமல் பாயும்.

இனி பழுதுக்கு வரலாம். அது எங்கே என்பதை வாசகரே எழுதிவிட்டார்: 'மழை பெய்தபோது மட்டும் நன்றாக அடித்தது.' மழை பேட்டரிக்குள் போவதில்லை, பெட்டிக்குள்ளும் போவதில்லை. மண்ணுக்குள்தான் போகிறது.

ஐப்பசியில் பேட்டரி கெட்டிருந்தது உண்மை. ஒருமுறை பலித்த வைத்தியத்தை மனம் லேசில் விடாது. 1942-ல் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் குவளைக் கணக்குகளை வைத்து இதைக் காட்டினார். 21, 127, 3 அளவுள்ள குவளைகளால் 100 அளவு தண்ணீர் எடுக்க வேண்டும். 127-லிருந்து 21-ஐ ஒருமுறையும் 3-ஐ இரண்டு முறையும் கழித்தால் வந்துவிடும். இதே வழியில் சில கணக்குகள் போடவைத்த பிறகு 23, 49, 3 குவளைகளைக் கொடுத்து 20 கேட்டார். 23-ல் 3 போனால் 20. ஆனால் பெரும்பாலோர் பழைய சுற்றுவழியிலேயே 49-லிருந்து கழித்துக்கொண்டிருந்தார்கள். விடை சரிதான், எளிய வழி கண்ணில் படவில்லை. கூடலூர் மெக்கானிக்கிடம் பெட்டி மட்டும்தான் போனது. அவர் தோட்டத்து மண்ணை எப்படிப் பார்த்திருக்க முடியும்?

வேலியில் மின்சாரம் ஒரு சுற்றாக ஓடுகிறது. பெட்டியிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து யானை, யானையின் காலிலிருந்து மண், மண்ணிலிருந்து எர்த் கம்பி, அங்கிருந்து மறுபடி பெட்டி. மாசி, பங்குனியில் முதுமலைப் பக்கம் மேல்மண் பொரிந்து கிடக்கும்போது இந்தச் சுற்றில் மண் என்ற துண்டு அறுந்துபோகிறது. பெட்டி டிக் டிக் என்று தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

சந்தேகம் தீர ஐந்து நிமிடம் போதும். பெட்டியை அணைத்து, வேலிக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு, மீண்டும் போட்டு, வேலிக்கென்றே உள்ள மீட்டரால் அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் மீட்டர் போய்விடும். ஏழெட்டாயிரம் வோல்ட் காட்டினால் பெட்டி நிரபராதி, பேட்டரியும் நிரபராதி. அடுத்து கம்பியை மாட்டி, எர்த் கம்பிகளைச் சுற்றி நான்கைந்து குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். வேலியின் அடி நன்றாக ஏறினால் வேறு சாட்சி தேவையில்லை. ஏறாவிட்டாலும் எர்த்தை உடனே விட்டுவிடக் கூடாது. யானை நிற்கும் இடத்து மண்ணும் காய்ந்துதானே இருக்கிறது.

எர்த்தை முறையாகச் சோதிக்க: பெட்டியை அணைத்துவிட்டு, அதிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் சில இரும்புக் கம்பிகளை மண்ணில் அடித்து வேலிக் கம்பியில் சாய்த்துவைக்க வேண்டும். பெட்டியைப் போட்டதும் வேலி 2,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். அப்போது எர்த் கம்பிக்கும் ஒரு மீட்டர் தள்ளி உள்ள மண்ணுக்கும் இடையே 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை.

பல தோட்டங்களில் வேலி போட்டுக் கொடுத்தவர்கள் மூன்றடி நீளத்தில் ஒரே ஒரு கம்பியை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குறைந்தது மூன்று ஜி.ஐ. கம்பிகள், ஒவ்வொன்றும் ஆறடி ஆழம், பத்தடி இடைவெளி வேண்டும். அடியில் பாறை தட்டினால் தள்ளி அடிக்கலாம். தொட்டித் தண்ணீர் வழியும் இடம், குளியலறை நீர் வடியும் இடம் நல்லது. ஆனால் வீட்டு மின் எர்த்திலிருந்து 10 மீட்டராவது விலகி இருக்க வேண்டும். கம்பியும் ஒயரும் சேரும் இடத்தில் துரு இருந்தால் சுரண்டி, கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். முறுக்கிவிட்ட ஒயர் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

இவ்வளவு செய்தும் கோடையில் அடி குறைவாகவே இருந்தால், வேலிக் கம்பிகளை ஒன்றுவிட்டு ஒன்று எர்த்தோடு இணைத்துவிடலாம். யானை இரண்டு கம்பிகளைச் சேர்த்துத் தொட்டால் மண்ணின் தயவு இல்லாமலே சுற்று முடிந்துவிடும். இந்த அமைப்பில் கம்பிகள் ஒன்றோடொன்று உரசாதபடி இழுவிசை சரியாக இருப்பது முக்கியம்.

ஆனி, ஆடியில் கதை தலைகீழ். அப்போது எர்த் அருமையாக இருக்கும். உண்ணிச்செடியும் புல்லும் வளர்ந்து கம்பியைத் தொட்டு மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிடும். அந்த நேரத்தில் எர்த்தைத் தோண்டிக்கொண்டிருந்தால் அதுவும் இதே கூத்துதான். இருட்டில் வேலி ஓரம் நடந்தால் விரிசல் விட்ட இன்சுலேட்டரில் பொறி தெரியும். ஆனால் தெப்பக்காட்டுப் பக்கம் இரவில் வேலி ஓரம் நடக்கச் சொல்வது நியாயமில்லை. பகலில் 'டக் டக்' சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

யானை வேலியைத் தாண்டிவிட்டது என்பதாலேயே வேலி பழுது என்றும் சொல்ல முடியாது. தந்தத்தில் மின்சாரம் எளிதில் பாயாது. தந்தத்தால் கம்பியை அறுப்பதும், மரத்தைத் தள்ளி வேலி மேல் சாய்ப்பதும் யானைகள் கற்றுக்கொண்ட வித்தைதான். அதற்குப் பெரிய பெட்டி வாங்கிப் பயனில்லை. வேலியை ஒட்டிச் சாயக்கூடிய மரம், தூண்களின் உறுதி, அறுந்த கம்பியை அன்றே கட்டுவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் மின்வேலிக்குப் பதிவும் அனுமதியும் தேவை என்று தமிழக அரசு 2023-ல் விதி கொண்டுவந்திருக்கிறது. இன்னும் பதியாதவர்கள் வனச்சரக அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

மாசியில் கழற்றிவைத்த பேட்டரியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு சும்மா வைத்துவிட்டுக் காலையில் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் நிற்கிறதா என்று பார்க்கலாம். நின்றால் வேலியில் மாட்டி இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கலாம். தாங்கினால் அது நல்ல பேட்டரிதான்.