ஊறுகாய்ப்புல் குழிகளையும் மூட்டைகளையும் பழுதின்றிக் காக்க உதவி வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
சிறு பால் உற்பத்தியாளர் சங்கம்,
அந்தியூர் வட்டாரம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், ஈரோடு.

நகல்:
மண்டல இணை இயக்குநர் அவர்கள், கால்நடை பராமரிப்புத் துறை, ஈரோடு.

பொருள்: காற்றுப் புகாமல் மூடிய தீவனக் குழிகள், சைலேஜ் மூட்டைகளின் பராமரிப்புக்கு மானியமும் பரிசோதனை வசதியும் பாதுகாப்புப் பயிற்சியும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் உறுப்பினர்கள் இரண்டு முதல் ஐந்து கறவை மாடுகளை வைத்துக் குடும்பம் நடத்துபவர்கள். மழைக்குப் பின் தழைக்கிற பசுந்தீவனம் மாசி, பங்குனியில் எங்களிடம் இருப்பதில்லை. அதனால் மக்காச்சோளத்தைக் கதிர் பால் பிடித்து இறுகும் பருவத்தில் அறுத்து, அங்குலத் துண்டுகளாக நறுக்கி, காற்றுப்பை இல்லாமல் மிதித்து மூடி ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) போடுகிறோம். 45 நாளில் அது பதமாகிவிடும். மூடாக்கு கெடாத வரை மாதக்கணக்கில் கெடாது. அந்த மூடாக்கைக் காப்பதில்தான் நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

எலி போடும் ஒரு துளை போதும், காக்கை கொத்தும் ஓர் ஓட்டை போதும். உள்ளே காற்றுப் போனதும் புளிப்பு குறைந்து, தீவனம் சூடேறி, பூசணம் பிடிக்கிறது. சென்ற ஐப்பசி மழையில் எங்கள் உறுப்பினர் ஒருவரின் குழியில் தண்ணீர் இறங்கி, பாதித் தீவனத்தை எருக்குழியில்தான் கொட்ட வேண்டியிருந்தது. வெயில் தாங்கும் என்று சொல்லி விற்கப்பட்ட மூடாக்குத் தாள் ஒரே கோடையில் பொடிந்துபோயிருந்தது. விற்ற கடைக்காரர் பொறுப்பேற்கவில்லை.

மூட்டை வாங்குவோரின் சிரமம் வேறு. இரண்டு மாட்டுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ வீதம் வைத்தால் 30 கிலோ செலவாகும். ஒரு டன் மூட்டையைத் திறந்தால் தீர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். எங்கள் வெயிலில் திறந்த வாய் சில நாட்களிலேயே சூடேறிவிடும். பெரிய பண்ணைக்கு அளந்த மூட்டை சின்ன வீட்டுக்கு நட்டம். 50 கிலோ மூட்டையாக இருந்தால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும், வீணாவதற்கு இடமே இல்லை.

பூசணத் தீவனம் மாட்டோடு நின்றுவிடுவதில்லை. அதில் அஃப்லாடாக்சின் நஞ்சு இருந்தால் பாலிலும் இறங்குகிறது. உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராம் வரையே அஃப்லாடாக்சின் எம்1 இருக்கலாம் என்கின்றன. கண்ணால் பார்த்து இதை எங்களால் சொல்ல முடியாது. நாங்கள் ஊற்றும் பாலைக் குழந்தைகள் குடிக்கிறார்கள்.

2021இல் திருத்தியமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கத்தில் சைலேஜ் உற்பத்தி அலகுகளுக்கு 50 விழுக்காடு, அதிகபட்சம் 50 இலட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் இரண்டு மாட்டுக்காரரின் குழிக்குப் போர்த்தும் தாள் அந்த அளவுகோலுக்குள் வராது.

ஆகவே, ஐந்து மாடுகள் வரை வைத்திருப்போருக்கு வெயில் தாங்கும் தரமான தாளும், கிழிசலை ஒட்டும் நாடாவும், எலி அண்டாத வலையும் பாதி விலையில் கால்நடை மருந்தகம் வழியே கிடைக்க வேண்டும். தாளின் கனமும் உழைக்கும் காலமும் தமிழில் அச்சிட்டிருக்க வேண்டும். மானியம் பெறும் சைலேஜ் அலகுகள் தங்கள் உற்பத்தியில் ஒரு பகுதியை 50 கிலோ மூட்டைகளாகத் தர வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு எங்கள் மாதிரிகளை மருந்தகங்களே வாங்கி அனுப்பி, முடிவைக் கட்டணமின்றித் தெரிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது உயிர்ப் பாதுகாப்பு. தீவனம் நிரப்பிய முதல் சில நாட்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகலாம். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, ஆழக்குழியின் அடியில் தேங்கிவிடும். உள்ளே மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் சாய்ந்துவிடுவார். குழியில் தனியாக இறங்கும் பழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது. தீயணைப்புத் துறையைக் கொண்டு ஊராட்சிதோறும் ஒருநாள் பயிற்சி நடத்தவும், குழியருகே வைக்கத் தமிழில் எச்சரிக்கைப் பலகை வழங்கவும் வேண்டுகிறோம்.

மக்காச்சோள அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் எங்களுக்கு அடுத்தடுத்து வருகின்றன. புரட்டாசி முடிவதற்குள் தாளும் பயிற்சியும் எங்கள் கைக்கு வந்து சேர ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்