சட்டமும் எந்திரமும்

1974இலும் 1976இலும் செய்யப்பட்ட உடன்படிக்கைகள் இந்திய இலங்கைக் கடல் எல்லையை வகுத்தன. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. ஆயினும், ஏட்டில் வரைந்த எல்லை தானே காவல் புரியாது. வடபுலத்து மீனவரின் வலைகள் அறுபடாதிருக்கக் காவற்படகு ஓடவேண்டும். படகு ஓட எந்திரம் ஓடவேண்டும்.

பாக்குநீரிணை ஆழங்குறைந்த கடல். எந்திரத்தைக் குளிர்விக்க உறிஞ்சும் நீரோடு மணலும் சாதாழையும் ஏறினால் வடிகட்டி அடைபடும், வெப்பம் மிஞ்சும், எந்திரம் நிற்கும். கீழறையின் கொதிப்பிலும் இரைச்சலிலும் நின்று இதனைத் தடுப்பவர் கடற்பொறியியலாளரே. நீரிறைக்கும் எந்திரம் நின்றால் தோட்டம் படும் பாட்டை அறிந்த எமது கமக்காரருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

படகு வாங்கும் விழாவிற் காட்டும் ஊக்கத்தை உதிரிப்பாகங்களிலும் பொறியியலாளர் பயிற்சியிலும் அரசாங்கம் காட்டவேண்டும் என்பதே எமது கோரிக்கை. நிறைவேற்றும் ஆற்றலற்ற சட்டம் மீனவனுக்குச் சோறிடாது.