மூன்று சிலிண்டரும் நான்கு சிலிண்டரும்

காளிகாட், ராஸ்பிஹாரி வட்டாரத்து அன்பர்கள் பலர் அம்பாஸடரை மறந்து சிறு வண்டிகளுக்கு மாறிவிட்டனர். மாறியவர்களுள் சிலர், வண்டி சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதே, எஞ்சினில் கோளாறோ என்று கேட்கின்றனர். மெக்கானிக்கிடம் பணத்தைக் கொடுக்குமுன் சிலிண்டர்களை எண்ணிப் பார்ப்பது நல்லது.

உத்தரபாராவில் உருவாகி, 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாஸடரின் பழைய எஞ்சின் 1,489 கன சென்டிமீட்டர் கொண்டது. நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நின்றன. இரண்டு பிஸ்டன்கள் மேலேறுகையில் இரண்டு கீழிறங்கும்; ஆகவே பெரும்பகுதி விசை ஒன்றையொன்று விழுங்கிவிடும். முழுவதும் அன்று. கனெக்டிங் ராடு சாய்ந்து இயங்குவதால், கிராங்க் கால் சுற்றுச் சுற்றுமுன் இறங்கும் பிஸ்டன் பாதி வழியைத் தாண்டிவிடும். ஏறும் பிஸ்டனோ பாதியை எட்டியிராது. அந்த மிச்சம், ஒரு சுற்றுக்கு இரு முறை எஞ்சினை மேலும் கீழும் உலுக்கும். வேகம் கூடக் கூட அது ரீங்காரமாகும். இரு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரு தண்டுகளால் அதை அடக்கலாம் என்று கண்டவர் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர்.

மாருதி 800 முதலிய மூன்று சிலிண்டர் வண்டிகளின் சங்கதி வேறு. மூன்று பிஸ்டன்களின் விசைகளும் கூட்டினால் பூஜ்யம். ஆயினும் அவை ஒரே இடத்தில் இல்லாமையால், படகின் இரு முனைகளும் மாறி மாறி எழுவதுபோல எஞ்சின் ஆடும். மேலும், நான்கில் அரைச் சுற்றுக்கொரு வெடிப்பு. மூன்றில் 240 பாகைக்கு ஒன்று. இடைவெளி மிகுவதால் மெதுவான ஓட்டத்தில் நடுக்கம் புலப்படும். சிங்கூரில் உருவாக இருந்து, 2008-இல் குஜராத்துக்குப் போய்விட்ட நானோவுக்கு இரண்டே சிலிண்டர். அதனுள் சமன் தண்டு ஒன்றையும் வைத்தார்கள். ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில் நின்றால் இத்தொல்லைகள் ஏறக்குறைய இல்லை. ஆனால் அதன் நீளம் சிறு வண்டிக்குள் அடங்குமா?

ரயில்வேயில் இதன் கொடுமை நன்றாகத் தெரியும். நீராவி எஞ்சின் சக்கரத்தில் பிறை வடிவாய் இருந்த இரும்புக் கட்டி, பிஸ்டனின் ஆட்டத்தைக் குறைக்க வைத்ததே. அக்கட்டியே தண்டவாளத்தைச் சம்மட்டியாய் அடித்தது!

வாங்கிய நாள் முதல் ஒரே தாளத்தில் நடுங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அடங்குவது அநேகமாகப் பிறவிக் குணமே. தாளம் இடையிடையே தப்பினால் பிளக்கைப் பாருங்கள். நேற்றில்லாத நடுக்கம் இன்று வந்தால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் தேய்ந்திருக்கக்கூடும். எஞ்சினைப் பிரிக்குமுன் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.