ஸ்பூனில் ஒரு கைநாட்டு

எங்கள் கொல்கத்தா கிளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாதா ஒருவர் (இங்கே தாதா என்றால் அண்ணன், பயப்படாதீர்கள்!) போன மாதம் பழைய வெள்ளி ஸ்பூன் ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய தாத்தா ஏலத்தில் எடுத்த இங்கிலாந்து சாமானாம். "நகைக்கடன் பார்த்த ஆள்தானே நீ, இதைச் செஞ்சது யாருன்னு சொல்லு" என்றார்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை லண்டனைக் குறிக்கும். சின்ன எழுத்து 'எச்' என்றால் 1783. வரி கட்டியதற்கான மன்னர் தலை முத்திரை 1784 டிசம்பரில்தான் வந்தது. இதில் அது இல்லை, ஆகக் கணக்கு சரி. கடைசியாகக் கூட்டெழுத்தில் 'எச் பி'. அதாவது ஹெஸ்டர் பேட்மேன்.

1760-ல் கணவர் இறந்தபோது பட்டறைக் கருவிகளை இந்த அம்மாவுக்கு எழுதிவைத்திருந்தார். மறு வருஷமே தன் பெயரில் முத்திரை பதிந்து, 1790 வரை பட்டறையை நடத்தினார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நம்ம ஊர் பாஷையில் கைநாட்டு!

தாதாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்போ இது அந்தம்மா கையால செஞ்சது!"

அங்கேதான் நான் ஒத்துப்போகவில்லை. இந்த முத்திரை செய்த கையைக் காட்டுவதில்லை. தரத்துக்கு நான் பொறுப்பு என்று சொன்னவரைக் காட்டுகிறது. பிரிட்டனில் இன்று இதற்கு 'ஸ்பான்சர் முத்திரை' என்றே பெயர். மகன்கள், மருமகள், வேலையாட்கள் எல்லாம் இருந்த பட்டறை அது. ஸ்பூனை அடித்தவர் யாரோ?

வங்கியிலும் இதே கதைதான். கிளார்க் போடும் வவுச்சரில் நான் கையெழுத்திடுகிறேன். தப்பு வந்தால் என் தலை உருளும், நியாயம். ஆனால் பாராட்டு வந்தாலும் எனக்கே வருகிறதே!

நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் விற்கும் தங்க நகைக்கு ஆறு இலக்க எச்யூஐடி கட்டாயம். அதை ஆப்பில் போட்டால் கடை வரும், சோதனை மையம் வரும். பவ்பஜார் சந்து மாடியில் கண் எரிய உட்கார்ந்து அதைச் செய்த காரிகர் வரமாட்டார்.

பொறுப்பேற்பவர் பெயர் அவசியம்தான். செய்தவர் பெயருக்கும் ஓர் இடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? சட்டம் வரும்வரை ஒன்று செய்யலாம். அடுத்த முறை நகை செய்யக் கொடுக்கும்போது செய்தவர் பெயரைக் கேட்டு, பில்லின் பின்னால் எழுதி வையுங்கள். பேத்தி காலத்தில் லென்ஸோடு எவரும் அலைய வேண்டாம்.